நகராத மிதிவண்டி

1791இல் போலோன்யா நகரத்து லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் மருத்துவர் துஷேன், தோலின்மேல் மின்முனைகளை வைத்து மனிதத் தசைகளைத் தனித்தனியே இயக்கிக் காட்டினார். ஆயினும், துடிப்பு வேறு, செயல் வேறு. 1961இல் அமெரிக்காவில் லிபர்சனும் அவருடைய குழுவினரும், பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவர் நடக்கையில் உரிய கணத்தில் நரம்பைத் தூண்டிப் பாதத்தை உயர்த்தும் கருவியை விவரித்தபோதே, துடிப்பு செயலாகத் தொடங்கியது எனலாம்.

1982 நவம்பரில் ஒஹாயோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், ஜெரால்ட் பெட்ரோஃப்ஸ்கியின் ஆய்வகத்தில், கால்கள் செயலிழந்த மாணவி ஒருவர் கணினி அனுப்பிய மின்துடிப்புகளின் துணையோடு சில அடிகள் நடந்தார். ஊடகங்கள் அதைக் கொண்டாடின. 1985இல் தொலைக்காட்சிப் படமும் வந்தது. சக்கர நாற்காலிகள் விரைவில் மறையும் என்று பலரும் நம்பினர். அவை மறையவில்லை. மின்சாரத்தால் தூண்டப்படும் தசை விரைவில் களைத்துவிடுகிறது. உடலின் சமநிலையைக் காப்பதோ அதனினும் கடினம்.

அந்த ஆரவாரத்தின் நிழலில் அதே ஆய்வகம் உருவாக்கிய மற்றொன்று நிலைத்தது: இருந்த இடத்திலேயே சுழலும் மிதிவண்டி. இதில் அமர்ந்தவர் விழமாட்டார். மிதிகட்டை நிற்கும் கோணத்தைக் கருவி அறிந்து, முன்தொடை, பின்தொடை, பிட்டத் தசைகளை முறைவைத்துத் தூண்டுகிறது. மெலிந்த தசை பருக்கிறது, குருதியோட்டம் கூடுகிறது, இதயத்துக்கும் உழைப்பு கிடைக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பு பழுதின்றி இருந்தால் மட்டுமே இது பயன்தரும். இளம்பிள்ளைவாதத்தால் அந்த நரம்பையே இழந்தவருக்கு இவ்வழி அடைபட்டதே.

1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 2004இல் மறையும்வரை மேற்கொண்ட கடும் பயிற்சிகளில் இந்த மிதிவண்டியும் ஒன்று. 2016 அக்டோபரில் சூரிச் அருகே க்ளோட்டனில் நடந்த சைபத்லான் போட்டியில், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தூண்டப்பட்ட தம் கால்களாலேயே வண்டியோட்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டனர். ஆய்வகத்தில் நின்றபடி சுழன்ற சக்கரம் அங்கே பாதையில் உருண்டது.

மீண்டும் நடத்தல் என்ற ஒற்றை அளவுகோலால் அளந்தால் இவ்வரலாறு தோல்வியின் கதையாகவே நமக்குத் தோன்றும். ஆனால் நாற்காலியில் கழியும் வாழ்வும் முழு வாழ்வுதான். அதன் உடலைப் பேணும் கருவியைக் குறைந்த வெற்றி என்று நாம் கருத வேண்டியதில்லை.