அப்பத்தாவின் ஆறு சோழிகள்

குரங்கணியில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வெளியே போக முடியாது. அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்து ஆறு சோழிகளைக் கொட்டுவார். தாயம் ஆரம்பமாகிவிடும். ஒரு நாள் ஒரு சோழியைத் தொலைத்துவிட்டு அழுதேன். "போனாப் போகுது விடுப்பா, காலணா பெறாது" என்றார்.

கடலையே பார்க்காத அப்பத்தாவிடம் இருந்தவை கடல் நத்தையின் ஓடுகள். அதன் வரலாற்றை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன்.

குஞ்சு நத்தையின் ஓடு மெல்லியது. வாய் அகலமாக இருக்கும். வளர்ந்ததும் உதடு உள்பக்கம் சுருண்டு, இரு ஓரமும் பல் வைத்த கீறலாகிவிடும். உயிரோடு இருக்கையில் நத்தையின் சதை மடல் வெளியே வந்து ஓட்டைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் பளபளப்பு அதனால் வந்தது, யாரும் மெருகேற்றியதல்ல.

உடையாது, துருப்பிடிக்காது, போலி செய்வது கடினம். அதனால் காசானது. 1758இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரிலேயே 'மொனேட்டா', அதாவது நாணயம், என்ற சொல் இருக்கிறது. மாலத்தீவில் சேகரித்து, சதை அழுகும்வரை குழியில் புதைத்து வைத்து, பிறகு கப்பலில் வங்காளத்துக்கு அனுப்பினார்கள். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபின் பதூதா இதை எழுதியிருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில்ஹெட்டில் நிலவரியே சோழியாகத்தான் வந்தது. ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி. கலெக்டராக இருந்த ராபர்ட் லிண்ட்சே அவற்றைக் கிடங்குகளில் குவித்து, படகு படகாக டாக்காவுக்கு அனுப்பினார்.

இதுவரை படித்தபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்ததைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஐரோப்பிய வணிகர்கள் இதே சோழியை ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றினார்கள். அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுத்த பொருட்களில் சோழியும் ஒன்று. நம்மைப் போன்ற ஒரு பிள்ளையையும் தாயையும் இதை எண்ணிக் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சான்சிபார் பக்கத்துச் சோழியை வணிகர்கள் அளவின்றி இறக்கினார்கள். அதன் மதிப்பு சரிந்தது, கடைசியில் செல்லாக்காசானது.

மீதி ஐந்து சோழி இன்னும் என்னிடம் இருக்கிறது. பேரன் விளையாடக் கேட்கிறான். கொடுக்கத்தான் போகிறேன். இந்தக் கதையையும் சொல்லிவிட்டுக் கொடுப்பேன்.