ஸ்கோப்பும் சிங்கிள்டனும்

நிரல் எழுதுவோரிடையே நாள்தோறும் புழங்குகிற 'ஸ்கோப்' என்னும் சொல், கண்காணிப்பவனையும் வில்லாளி கண்வைக்கும் இலக்கையும் ஒருங்கே குறித்த 'ஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்து, இத்தாலிய மொழியின் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. முதலில் நோக்கம் என்ற அர்த்தத்தில் நின்ற அது, நாளடைவில் அந்நோக்கம் சென்று எட்டும் எல்லையைச் சுட்டலாயிற்று. 1910-இல் முதல் பாகம் வெளிவந்த 'பிரின்சிபியா மாதமாட்டிகா' என்ற தர்க்கநூலில் ஒயிட்ஹெட்டும் ரஸ்ஸலும், ஒரு வர்ணனை வாக்கியத்தின் எப்பகுதி வரை செல்லும் என்பதைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார்கள்.

கணிப்பொறியுலகில் அதற்கு நிலையான பொருள் வகுத்தது, 1960 ஜனவரியில் பாரிஸில் 13 பேர் கூடி முடிவுசெய்து, பீட்டர் நௌர் பதிப்பித்த அல்கால் 60 மொழியின் அறிக்கை. 'பிகின்', 'எண்ட்' என்ற இரு சொற்களுக்கு நடுவே அடைபட்ட பிளாக்கில் பிறந்த மாறி அதனுள்ளே மட்டும் வழங்கும். வெளியே அதே பெயருடைய மாறி இருப்பினும், உள்ளேயிருப்பது அதை மறைத்து நிற்கும். ஆகவே ஒரு பகுதியை எழுதுகிறவர், மற்றப் பகுதிகளில் யார் எந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்று விசாரியாமலே தம் மாறிகளுக்குப் பெயர் சூட்டலாம்.

ஜான் மெக்கார்த்தி படைத்த லிஸ்ப் மொழியின் ஆரம்ப வடிவங்களோ வேறு வழி சென்றன. அவற்றில் ஒரு ஃபங்ஷன், தன்னுள் பிரகடனமாகாத பெயரைக் கண்டால், தன்னை அழைத்தது எது, அதை அழைத்தது எது என்று பின்னோக்கிச் சென்று பொருள் தேடும்; எனவே ஒரே வரி, அழைத்ததைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பைத் தரும். 1975-இல் ஸஸ்மனும் ஸ்டீலும் அமைத்த ஸ்கீம் மொழி, எழுதப்பட்ட இடத்தைக் கொண்டே பொருளை நிச்சயிக்கும் லெக்ஸிகல் ஸ்கோப்பை லிஸ்ப் குடும்பத்தில் நிலைநாட்டியது. என் அபிப்பிராயத்தில் இது வாசகனுக்குச் செய்த பேருபகாரம்: நிரலை ஓட்டிப் பாராமலே, பக்கத்தின் மேல் கண்ணோட்டி, இப்பெயர் இதைத்தான் குறிக்கிறது என்று துணியலாம்.

எங்கும் எட்டும் குளோபல் மாறி இவ்வுபகாரத்தைக் கெடுப்பது. அதன் தீமையை வுல்ஃபும் மேரி ஷாவும் 1973-இல் தனிக் கட்டுரையாகவே எழுதினர். ஆயினும் அது வேறு வேஷத்தில் திரும்பியது. சீட்டாட்டத்தில் ஒருவர் கையில் ஓர் இனத்துக்கு ஒரே சீட்டு இருப்பதைச் சுட்டி 19-ஆம் நூற்றாண்டில் வழங்கிய 'சிங்கிள்டன்', கணித சாஸ்திரத்தில் ஒரே உறுப்புள்ள கணத்துக்குப் பெயராகி, காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வரும் நிரல் அமைப்புக்கான 23 வடிவங்களைத் தொகுத்து 1994-இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலில் அவற்றுள் ஒன்றுக்குப் பெயராயிற்று. கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை வெளியார் தொடாதபடி மறைத்து, ஒரே ஆப்ஜெக்டை மட்டும் உண்டாக்கி, கேட்பவருக்கெல்லாம் அதையே தருவது அதன் முறை. ஒன்றே உண்டு என்ற உறுதியும் எங்கிருந்தும் பற்றலாம் என்ற அனுமதியும் அதில் பிணைந்திருக்கின்றன; முன்னதற்காக அதை நாடுகிறவர் பின்னதையும் சேர்த்தே பெறுகிறார். ஒரு சோதனை அதில் விட்டுச்சென்ற மதிப்பு அடுத்த சோதனையைப் பொய்யாக்குவது இதனாலேதான். நூலாசிரியருள் ஒருவரான எரிக் காமாவே, மறுபதிப்பில் சிங்கிள்டனை நீக்கிவிடத் தமக்கு விருப்பமென்று 2009-இல் ஒரு பேட்டியில் தெரிவித்தார்.

சிங்கிள்டன் இல்லாமலும் ஒன்றை ஒன்றாகவே வைத்திருக்கலாம். டேட்டாபேஸ் இணைப்பு ஒன்றே இருக்கவேண்டுமென்பது நியாயமான தேவையாயிருக்கலாம். அதை நிரலின் தொடக்கத்தில் ஒருமுறை உண்டாக்கி, வேண்டிய ஃபங்ஷன்களுக்கெல்லாம் ஆர்க்யுமெண்டாக வெளிப்படையாகக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எதைச் சார்ந்து நிற்கிறது என்பது அதன் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.