கணக்கில் கரைந்த கப்பல் நிறுவனம்

'மதிப்பீடு' என்ற சொல்லை இலக்கிய மாணவர்களாகிய நாம் திறனாய்வோடு சேர்த்தே பழகியிருக்கிறோம். வணிகவியல் துறை நண்பர் ஒருவர், தம் துறையில் அச்சொல் எத்தனை இடங்களில் புழங்குகிறது என்று ஒரு மாலைப் பொழுதில் எண்ணிக் காட்டினார். ஒரு கப்பல் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும்? வராக்கடன் எவ்வளவு ஆகும்? இன்னும் முடிவாகாத வரி எந்தத் தொகையில் வந்து நிற்கும்? இவற்றுக்கு விடை எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆயினும் ஆண்டு முடிவில் ஓர் எண்ணை எழுதியே ஆக வேண்டும். கணக்கென்றால் கூட்டலும் கழித்தலும் மட்டுமே என்றிருந்த நமக்கு, அதற்குள் இத்தனை ஊகம் குடியிருப்பது வியப்பளித்தது. அந்த வியப்போடு தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ராயல் மெயில் வழக்கின் வரலாறு.

ராயல் மெயில் ஸ்டீம் பேக்கெட் கம்பெனி 1839-இல் அரச பட்டயம் பெற்று, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அஞ்சல் சுமக்கத் தொடங்கிய நிறுவனம். 1903-இல் அதன் தலைவரான ஓவன் பிலிப்ஸ், பின்னாளில் கைல்சாண்ட் பிரபு ஆனார். கப்பல் நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதில் தணியாத வேட்கை கொண்டவர். டைட்டானிக்கின் உரிமையாளராயிருந்த ஒயிட் ஸ்டார் நிறுவனமும் 1927-இல் அவர் குழுமத்துக்குள் வந்தது.

முதல் உலகப் போரின்போது கப்பல் முதலாளிகள் கண்ட இலாபம் கொஞ்சநஞ்சமன்று. பிரிட்டிஷ் அரசு 1915-இல் மிகை இலாப வரியை விதித்தது. போருக்கு முந்தைய அளவை விஞ்சிய இலாபத்தில், 1917-இல் 80 விழுக்காடு வரியாகப் போயிற்று. ஆனால் போருக்கு முந்தைய அளவு எது, கப்பல்களுக்கு எவ்வளவு தேய்மானம் கழிக்கலாம் என்பன போன்ற பிணக்குகள் தீரப் பல ஆண்டுகள் பிடித்தன. பின்வரும் ஆண்டுகளில் இலாபம் குறைந்தால், கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழியிருந்தது. இந்நிலையில் வரிக்கென்று தாராளமாக ஒரு தொகையை ஒதுக்கிவைத்தது தவறாகுமா? ஆகாது என்றே நாம் சொல்வோம். முகில் கலையாதபோது குடையை விரித்தே வைத்திருப்பவனை யாரும் பழிப்பதில்லை.

முகில் கலைந்த பிறகு நடந்ததுதான் கதை. வரி முடிவானபோது, தேவைக்கு மேலாகப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த மிச்சம் பங்குதாரர்களின் பணம். எனினும் அது பழைய பெயரிலேயே உள்ளே உறங்கியது. 1921 முதல் கப்பல் தொழில் நொடித்தது. கடலில் ஓடிய கப்பல்கள் நட்டத்தையே கொண்டுவந்தன. ஆண்டுதோறும் அந்த மறைவான சேமிப்பிலிருந்து எடுத்து நட்டத்தை நிரப்பினார்கள். பங்குதாரர் கண்டதோ இலாபமும் பங்காதாயமும். 1926-ஆம் ஆண்டுக் கணக்கில் இதற்கு இருந்த ஒரே தடயம், இலாபத்துக்கான வரியில் செருகப்பட்ட 'வரிக் காப்பு நிதிகளின் சரிக்கட்டல்' என்ற சிறு தொடர். எத்தனை இலட்சம், எந்த ஆண்டின் பணம் என்ற விவரம் ஏதும் இல்லை. சொற்களையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தத் தொடர் ஒரு பாடம். அதில் பொய்யில்லை, படிப்பவருக்கு எட்டும் செய்தியும் இல்லை.

குழுமம் அரசு உத்தரவாதத்துடன் பெற்ற கடன்களைக் கட்ட முடியாமல் கால நீட்டிப்புக் கேட்டபோது, 1930-இல் சர் வில்லியம் மெக்லின்டாக் கணக்குகளை ஆராய்ந்து உண்மையைத் துலக்கினார். 1931 ஜூலையில் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கைல்சாண்டும், தணிக்கையாளர் ஹெரால்டு மோர்லாண்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். கணக்காளர் உலகில் பெருமதிப்புக்குரிய பிளெண்டர் பிரபு சாட்சி சொன்னார். இரகசியக் காப்பு நிதியிலிருந்து இவ்வாறு எடுத்துக்கொள்வது மிக நற்பெயருள்ள நிறுவனங்களிலும் உள்ள வழக்கமே என்பது அவர் வாக்குமூலம். 1906-இலேயே ஓர் ஆங்கில நீதிமன்றம், நிறுவனத்தின் நிலை காட்டப்பட்டதற்குக் குறையாமல் இருந்தால் போதும், அதைவிட நன்றாக இருப்பதை மறைப்பது பிழையன்று என்று கருதியிருந்தது. அக்காலத்தின் நல்லொழுக்கமே அதுதான். நல்ல காலத்தில் மறைத்தது கெட்ட காலத்தில் எப்படி வெளியே வரும் என்று எவரும் கேட்கவில்லை.

1926, 1927 அறிக்கைகள் பற்றிய குற்றச்சாட்டில் இருவரும் விடுதலையாயினர். கைல்சாண்டு சிக்கியது வேறோரிடத்தில். 1928-இல் கடன் பத்திரங்களை விற்க வெளியிட்ட தகவலறிக்கை, கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி இலாபம் வட்டியைப்போல் ஐந்து மடங்குக்கு மேலிருப்பதாகச் சொன்னது. கூட்டி வகுத்தால் கணக்குச் சரியே. ஆனால் அந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்தியவை போர்க்கால ஆதாயங்கள். அண்மை ஆண்டுகள் நட்டத்தில் கழிந்ததை அறிக்கை சொல்லவில்லை. தனித்தனியே மெய்யான வாக்கியங்களாலும் முழுமையில் பொய் சொல்ல முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கைல்சாண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சிறை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்து நிற்கும் விடைத்தாளில், முன்பு கண்டிப்பாகக் குறைத்த ஒரு விடைக்கு இரண்டைக் கூட்டிய பேராசிரியர்கள்தாம் நாமும். அந்த விடைக்கு மூன்றா ஐந்தா என்பது உண்மையிலேயே ஐயத்துக்குரியதாக இருக்கலாம். ஆனால் கூட்டியபோது நம் கண் விடையில் இல்லை, மொத்தத்தில் இருந்தது. கைல்சாண்டின் இயக்குநர் குழுவும் வரியைப் பார்க்கவில்லை. வரவேண்டிய இலாபத்தைப் பார்த்தது. ஐயம் இருந்தவரை அந்த ஒதுக்கு ஒரு மதிப்பீடு. ஐயம் தீர்ந்த நாளில் அதை வெளிப்படுத்தியிருந்தால் வழக்கே இல்லை.

குழுமம் சிதைந்தது. பிரிட்டனின் 1948 கம்பெனிச் சட்டம் ஒதுக்கையும் காப்பு நிதியையும் பிரித்து, தேவைக்கு மேற்பட்ட ஒதுக்கைக் காப்பு நிதியாகவே காட்டவேண்டும் என்றது. நம் நாட்டின் 1956 கம்பெனிச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை அதே விதியை ஏற்றது. பிரிட்டனில் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விலக்குக் கிடைத்தது. வங்கியின் இலாபம் ஏறி இறங்குவதைக் கண்டால் பணம் போட்டவர்கள் அஞ்சுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். இலண்டனின் பெரிய வங்கிகள் தம் உள்ளபடியான இலாபத்தை வெளியிடத் தொடங்கியது 1970-இல்தான்.