கருமுட்டை முதிர்ச்சி

பாலூட்டிகளின் சினைப்பையில், பாதியில் நின்ற குன்றல் பகுப்பைக் கருமுட்டை மீண்டும் தொடர்ந்து கருத்தரிப்புக்கு ஆயத்தமாவதே கருமுட்டை முதிர்ச்சி. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் இந்தப் பகுப்பைத் தொடங்கி, முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. மனிதரில் சில முட்டைகள் 40 ஆண்டுகளுக்கு மேலும் அப்படியே காத்திருக்கின்றன.

தடுத்து வைப்பது யார்? 1935இல் கிரிகோரி பிங்கஸும் ஈ. வி. என்ஸ்மானும் முயலின் முட்டையை அதன் நுண்ணறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். ஹார்மோன் எதுவும் சேர்க்காமலே அது பகுப்பைத் தொடர்ந்தது! தடை சுற்றியுள்ள செல்களிடமிருந்து வருகிறது என்பதை இவ்வளவு எளிய சோதனை காட்டியது வியப்புக்குரியது.

அந்தத் தடையின் வேதியியல் 2009, 2010ஆம் ஆண்டுகளில்தான் எலி ஆய்வுகளால் தெளிவானது. முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்கள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறை உண்டாக்கி, செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியே முட்டைக்குள் அனுப்புகின்றன. அது உள்ளேயிருக்கும் சைக்ளிக் ஏஎம்பி சிதையாமல் காக்கிறது. பின்னது குறையாதவரை பகுப்பு நகராது. லூட்டினைசிங் ஹார்மோன் பெருகியதும் ஜிஎம்பி சரிகிறது, துளைகள் மூடுகின்றன, முட்டை விழிக்கிறது. பிறகு இரண்டாம் கட்டத்தில் மறுபடி நின்று, விந்தணு நுழைந்தால் மட்டுமே பகுப்பை முடிக்கிறது.

மனித முட்டை உடலுக்கு வெளியே முதிர ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகும் என்று ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965இல் கண்டறிந்தார். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் முட்டைகளை எடுக்கும் நேரத்தை மருத்துவர்கள் இன்றும் ஏறத்தாழ இதே கணக்கில் குறிக்கிறார்கள்.