நாட்டிங்காமிலிருந்து குடவாசலுக்கு

உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரின் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு குழந்தை பாம்புகளைக் கையால் பிடித்து நெரித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் நமக்குக் கண்ணன் நினைவுதான் வரும். அது கிரேக்கக் கதையின் ஹெர்குலிஸ்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து மருந்துக்கடைக்காரர் வில்லியம் உட்வர்ட் 1851-இல் இந்தக் கிரைப் வாட்டரைத் தயாரித்தார். அந்நாட்டின் கிழக்கே சதுப்பு நிலம்; கொசு, குளிர்காய்ச்சல். காவிரி டெல்டாவில் வாய்க்காலும் வடிகாலுமாக வாழும் நமக்கு அந்த மண்ணை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மருந்து வயிற்று உபாதையையும் தணித்ததைக் கவனித்துத்தான் அவர் தன் கலவையைச் செய்தார் என்பார்கள். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர். கூடவே 3.6 சதவீதம் சாராயம். குழந்தை அசந்து தூங்கியதில் சதகுப்பையின் பங்கு எவ்வளவு, சாராயத்தின் பங்கு எவ்வளவு என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1876-இல் பெயரைப் பதிவு செய்தார். பல் முளைக்கும் அவஸ்தைக்கும் இதுவே மருந்து என்று விளம்பரம் சேர்ந்துகொண்டது.

அதே காலத்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று பாதரசம் கலந்த பொடிகளும் அங்கே விற்றன. அவற்றைத் தின்ற குழந்தைகளுக்குக் கை கால் சிவந்து தோல் உரிந்தது. பல குழந்தைகள் இறந்தன. காரணம் பாதரசம்தான் என்று தெரிந்து, அதைப் பொடியிலிருந்து நீக்க 1950-கள் வரை ஆயிற்று. அவற்றோடு பார்த்தால் கிரைப் வாட்டர் சாது.

ஆங்கிலேயர் ஆட்சி போன இடமெல்லாம் பாட்டிலும் போயிற்று. இந்தியாவில் 1928-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே நிறுவனத்தின் கைக்கு வந்தது. தொலைக்காட்சியில் பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாகப் பரிந்துரைக்கும் விளம்பரம் அதை வீட்டுச் சொத்தாகவே ஆக்கிவிட்டது. பிரிட்டனில் 1992-இல் சாராயம் நீக்கப்பட்டது. இன்று இங்கே விற்பதிலும் அது இல்லை. மிச்சம் இருப்பது சதகுப்பையும் சோடா உப்பும். சதகுப்பையோ நம் நாட்டு மருந்துக்கடையில் என்றைக்கும் கிடைப்பது.

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வழியாகக் குடவாசல் வந்து சேரும் சரக்கில் இந்தப் பாட்டிலும் இருக்கும். மருந்துக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

“தம்பி, புள்ளைக்குப் பல்லு மொளைக்குது. வயித்தால போவுது. கிரைப் வாட்டர் ஒண்ணு குடு.”

“எத்தனை நாளா போவுதும்மா?”

“மூணு நாளா. பல்லு வந்தா நின்னுடும்.”

எனக்குப் பயம் பாட்டிலின் மேல் இல்லை, அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்தான். முதல் பல் பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டிக் கீழ் ஈறில் எட்டிப் பார்க்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும் அந்த வயதில்தான். தவழ்ந்துபோய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைப்பதும், சோறு ஊட்டத் தொடங்குவதும் அப்போதுதான். கிருமி வயிற்றுக்குள் போகிறது, பழி பல்லின் மேல் விழுகிறது. ஈறு வீங்கும், ஜொள்ளு வடியும், குழந்தை நைநையென்று அழும், எதையாவது கடிக்கும், தூக்கம் கெடும். இவ்வளவுதான் பல்லின் வேலை. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சலும் தண்ணீராகப் போகும் பேதியும் வேறு நோயின் அடையாளம்.

ஈறு ஊறலுக்குக் கையை நன்றாகக் கழுவி விரலால் மெதுவாகத் தேய்த்துவிடலாம். காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். வடியும் ஜொள்ளை அவ்வப்போது ஒற்றி எடுத்தால் மோவாயில் புண் வராது. வலி அதிகமென்றால் மருத்துவரைக் கேட்டு, குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால். ஈறில் தடவும் பென்சோகெய்ன் ஜெல் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும் திறனையே அது கெடுத்துவிடக்கூடும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் கிரைப் வாட்டருக்கும் இடமில்லை.

பேதியென்றால் பல்லை மறந்துவிட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தேடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். பெரிய பொட்டலம் என்றால் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றபிறகும், 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.