ஊர் இழந்த சிலந்திகள்

செஞ்சியை அடுத்த பாக்கம் மலைக் காப்புக்காட்டில் சில ஆண்டுகளுக்கு முன் நீல நிறச் சிலந்தி ஒன்று பதிவானது. புதுச்சேரியில் இயங்கும் இன்டிஜினஸ் பயோடைவர்சிட்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் அதைக் கண்டு, பொயிசிலோதீரியா மெட்டாலிக்கா என்ற டரான்டுலா இனமாக அடையாளப்படுத்தினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டரான்டுலா வளர்ப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு இந்தப் பெயர் நன்கு பழக்கம். கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கிச் சேகரிப்பைப் பெருக்குகிறவர்கள் முதலில் தேடும் இனங்களில் இதுவும் ஒன்று. திண்டிவனத்துக்காரருக்கோ விழுப்புரத்துக்காரருக்கோ அது மேற்கே தெரியும் குன்றுகளில் இருந்தும் பெயரில்லாத ஒரு எட்டுக்கால் பூச்சிதான். தொலைதூரத்து அறைகளில் இவ்வளவு அறியப்பட்ட உயிர், தான் வாழும் மாவட்டத்தில் இவ்வளவு அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் அது சேகரிக்கப்பட்ட விதம்தான் என்று நினைக்கிறேன். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் பக்கத்து மரச்சிலந்திகளைப் பிறர் எடுத்துச் சென்று வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் உடல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எந்தக் குன்று, எந்த மரம், எந்தப் பொந்து என்ற செய்தி வழியிலேயே தொலைந்தது. இடம் தெரியாத சிலந்தி அழகான வளர்ப்பு உயிராக இருக்கலாம். காட்டுக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை.

தொடக்கம் ரயில் பாதையில் இருக்கிறது. மெட்டாலிக்காவுக்குப் பெயர் வைத்தவர் லண்டன் அருங்காட்சியகத்தில் சிலந்திகளை ஆராய்ந்த ரெஜினால்ட் இன்னஸ் போகாக். ஆண்டு 1899. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பெண் சிலந்தி. அது பிடிபட்ட இடம் இன்றைய ஆந்திராவில் உள்ள குத்தி ரயில் நிலையத்தின் மரக்கிடங்கு. அதே ஆண்டு அவர் விவரித்த வேறு இரண்டு இனங்களில் ஒன்று அரக்கோணத்தின் பெயரோடும், மற்றொன்று சேலம் பக்கத்துக் காடுகளின் பெயரோடும் பதிவாயின. இந்த ஊர்ப்பெயர்களைச் சிலந்திகளின் வீட்டு முகவரியாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். அன்றைய சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் விறகில்தான் ஓடின. தண்டவாளத்தின் அடிக்கட்டைகளும் காட்டு மரங்களே. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வெட்டி வந்த மரங்கள் நிலையங்களில் மலைபோல் குவிந்து கிடந்தன. பொந்துள்ள முதுமரத்தோடு அதில் குடியிருந்த சிலந்தியும் வண்டி ஏறி வந்திருக்க வேண்டும் என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1899-இன் பதிவு சொல்வது சிலந்தி வந்து இறங்கிய இடத்தை மட்டும்தான். அந்த மாதிரி உடலை அருங்காட்சியகம் இன்றும் காத்து வைத்திருக்கிறது. எந்தக் காட்டு மரத்திலிருந்து வந்தது என்பதை அன்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

அந்தக் கேள்வி எழாததற்கு நூறு ஆண்டுகள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட மலைக்காட்டில், குத்தியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, மெட்டாலிக்கா உயிரோடு மீண்டும் காணப்பட்டது. காட்டுக்குள் அதன் வீடு முதன்முறையாகத் தெரியவந்தது. ஆனால் அந்தச் செய்தி ஆய்வாளர்களைச் சென்றடைந்த வேகத்திலேயே வணிகர்களையும் சென்றடைந்தது. சில ஆண்டுகளுக்குள் மேலை நாடுகளின் வளர்ப்பாளர்களிடையே அந்த நீலச் சிலந்தி விலை பேசப்பட்டது. கோவையின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மோலூர், மஞ்சு சிலிவால் முதலியோர் இந்தியச் சிலந்திகளின் நிலையை மதிப்பிட்டபோது, 2008-இல் இது மிக அருகிவரும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அப்போது அறியப்பட்ட அதன் வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. காடழிப்போடு, வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிப்பதும் காரணமாகக் குறிக்கப்பட்டது. முதல் முறை இடம் தெரியாமல் சிலந்தி போனது, இரண்டாம் முறை இடம் தெரிந்ததாலேயே போனது. பாக்கம் மலையைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வளர்ப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. டரான்டுலாக்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பங்கு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இருந்து வந்தது. 1980-களில் தொடங்கிய பிரிட்டிஷ் டரான்டுலா சொசைட்டி ஆர்வலர்களின் சங்கம்தான். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஸ்மித், ராமேஸ்வரத்தில் ஒரு அனுமன் கோயிலை ஒட்டிய மரங்களில் கண்ட இனத்துக்கு அந்தக் கோயிலின் பெயரால் ஹனுமாவிலாசுமிகா என்று 2004-இல் பெயரிட்டார். இலங்கையில் மாங்குளத்துப் பக்கம் கிடைத்த பெரிய மரச்சிலந்தியை ரணில் நாணயக்கார விவரித்ததும் இந்தச் சங்கத்தின் இதழில்தான். வன்னிக் காட்டில் ஆய்வுக்கு உதவிய காவல் அதிகாரி ஒருவரின் பெயரே அந்த இனத்துக்கு வைக்கப்பட்டது. முட்டைப்பையைத் தாய் எப்படிச் சுமக்கிறது, குஞ்சுகள் எத்தனை முறை தோலுரிக்கின்றன, ஆணுக்கு எவ்வளவு ஆயுள், பெண்ணுக்கு எவ்வளவு ஆயுள் என்பதையெல்லாம் இரவு இரவாகக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் குறித்தவர்களும் இவர்கள்தான். இதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பங்களிப்புகளில் காட்டுக்குப் பயன்பட்டவை எவை என்று பிரித்துப் பார்த்தால், அவை எல்லாம் இடத்தோடு கட்டப்பட்டவை. ராமேஸ்வரத்து இனத்தின் கோயில் பெயரே பின்னால் வந்த நம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியது. அவர்கள் அங்கிருந்து மண்டபம் பக்கத்துத் தோப்புகள் வரை மரம் மரமாகத் தேட முடிந்தது. பெட்டிக்குள் கற்ற உடலியல் அறிவு சிலந்தியைப் பிழைக்க வைக்கக் கற்றுத் தருகிறது, அது வாழ எப்படிப்பட்ட மரம் வேண்டும் என்பதைத் தராது.

இரண்டாவது நியாயம் இன்னும் வலுவானது. இன்று உலகில் விற்கப்படும் மெட்டாலிக்காவில் பெரும்பாலானவை பெட்டிகளிலேயே பிறந்தவை, எனவே வளர்ப்பு என்பதே ஒரு காப்பு, காடு அழிந்தாலும் இனம் அழியாது என்கிறார்கள். பெட்டியில் பிறந்தது கிடைக்கும்போது காட்டுக்குப் போகும் கைகள் குறையும் என்பது உண்மையே. ஆனால் இனம் அழியாது என்பதற்கு என்ன பொருள்? பெட்டிகளில் பெருகியவை தொடக்கத்தில் பிடித்துச் செல்லப்பட்ட காட்டுச் சிலந்திகளின் வழிவந்தவை. அந்த மூதாதைகள் எந்தச் சரிவில் பிடிபட்டன என்ற குறிப்பு கைமாறக் கைமாற மறைந்துவிட்டது. நந்தியாலில் இருந்து செஞ்சி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இரண்டிடத்துச் சிலந்திகளும் ஒரே கூட்டமா, நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவையா, இடையிலுள்ள மலைகளில் வேறு கூட்டங்கள் இருக்கின்றனவா என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி. உலகம் முழுவதும் பெட்டிகளில் இருக்கும் நீலச் சிலந்திகள் அத்தனையையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. பாக்கம் மலையில் உள்ளவை ஒழிந்துபோனால் அவற்றின் இடத்தில் கொண்டுபோய் விடத் தகுந்தவை எவை என்று சொல்லவும் முடியாது. உடலைக் காப்பாற்றியதால் மட்டும் ஒரு இனத்தைக் காப்பாற்றியதாக ஆகிவிடாது.

பிடிக்கும் முறையும் இந்தச் சிலந்திகளுக்குப் பொருந்தாதது. பெண் பத்தாண்டுக்கும் மேல் வாழும்; ஆண் பருவமடைந்தபின் அதிக காலம் இருக்காது. பொந்துகள் அரிதான காட்டில் ஒரே மரத்தில் தாயும் வளர்ந்த குஞ்சுகளும் சேர்ந்தே இருக்கும். மரத்தைப் பிளந்தோ புகை போட்டோ ஒரு பொந்தைக் காலி செய்தால் ஒரு தலைமுறையே போய்விடும்.

நம் மாநிலம் இந்தச் சந்தையின் மூலம் மட்டுமல்ல, இப்போது முனையும்கூட. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதி ஒன்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பிரித்தபோது, தெர்மோகோல் பெட்டிக்குள் சிறுசிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அவை மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதி டரான்டுலாக்களாக இருக்கும் என்று அதிகாரிகள் கணித்தனர். இறக்குமதி உரிமமோ நலச் சான்றோ இல்லாததால் அவற்றை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப முடிவானது. மெக்சிகோ சிலந்தி போலந்து வழியாக விருதுநகர் மாவட்டத்துக்கு வருவதும், ஆந்திரச் சிலந்தி ஐரோப்பிய அலமாரிக்குப் போவதும் ஒரே வணிகத்தின் இரு கைகள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019-இல் ஜெனீவாவில் கூடி, பொயிசிலோதீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இலங்கையும் அமெரிக்காவும் அதை முன்மொழிந்தன. 2022-இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பட்டியல்களை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் நெடுங்காலம் இந்தியச் சட்டத்தின் அட்டவணைகளில் புலிக்கும் யானைக்கும் இருந்த இடம் இந்தச் சிலந்திகளுக்கு இருந்ததில்லை.

வேறொரு மறுப்பும் வரும்: சிலந்தியைப் பிடிப்பவன் சிறு திருடன், காட்டை வெட்டியவன் பெருந்திருடன், பெரியவனை விட்டுச் சிறியவனைப் பேசுவானேன்? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் வரலாறு இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. 1870-களில் தென்னிந்திய ரயில்வே இவ்வழியே தென் ஆர்க்காடு மாவட்டத்துக்குள் நுழைந்தது. எஞ்சினுக்கு விறகு தேடிய அரசும் வணிகரும் இந்தக் கடற்கரை முழுவதும் சவுக்கைப் பரப்பினார்கள். மரக்காணம் பக்கம் இன்றும் நிற்கும் தோப்புகள் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. சில ஆண்டுகளிலேயே வெட்டப்படும் சவுக்கில் பொந்து விழ நேரமே இல்லை. பொந்து விழும் மரங்கள் சாலையோரத்துப் புளியமரங்கள். சென்னை திருச்சி நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அவற்றின் நெடுவரிசை போனது. ராமேஸ்வரம் பக்கத்தில் மரச்சிலந்திகள் பழம்புளியில் குடியிருந்ததை நினைத்தால், இந்தச் சாலையில் நாம் எதை இழந்தோம் என்று எண்ணிப் பார்க்காமலே இழந்திருக்கிறோம். ஆக, வாழிட இழப்பே பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாழிடம் இப்படிச் சுருங்கியதாலேயே எஞ்சியிருக்கும் இடத்திலிருந்து எடுப்பது அபாயமாகிறது. பரந்த காட்டில் பத்துப் பெண் சிலந்திகளை எடுத்தால் காடு ஈடு செய்துகொள்ளும், ஒரு குன்றின் சில நூறு முதுமரங்களுக்குள் அதே பத்து போனால் ஈடுசெய்ய ஆளில்லை.

எடுத்தாலும் இடத்தைத் தொலைக்காத சேகரிப்பு உண்டா என்றால், உண்டு. அதற்கான சான்று வெகு தூரத்தில் இல்லை. 1972-இன் வன உயிரினச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்று, அதற்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினர் பிழைப்பை இழந்தார்கள். 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அங்கே பாம்பு பிடிபட்டவுடன் பதிவேட்டில் ஏறுகிறது. வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மறுபடி பிடிபட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். தோலை எடுத்தால் பாம்பும் இல்லை, செய்தியும் இல்லை. நஞ்சை மட்டும் எடுத்ததில் பாம்பும் மிஞ்சியது, பிடித்தவரின் வேலையும் மிஞ்சியது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் இருளர் குடும்பங்கள் ஏராளம். எந்த வளை எந்த உயிரினுடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களில் இன்னும் இருக்கிறார்கள். பாக்கம் மலையின் சிலந்திப் பொந்துகளைக் கணக்கெடுக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு முறையான கூலியும் பெயரும் தர வனத்துறைக்கு மனம் வர வேண்டும்.

இடத்தைத் தொலைக்காத சேகரிப்பைத் தாவரவியலாரும் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரக் களஞ்சியம், செடி செடியாக, ஊர் ஊராக எழுதப்பட்டது. காய்ந்த இலையைவிட அதன் அடியிலுள்ள சீட்டுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஊர், உயரம், தேதி, எடுத்தவர் எல்லாம் அதில் இருக்கும். சிலந்திக்கு உடலைக்கூட எடுக்க வேண்டியதில்லை. உதிர்ந்த தோலே இனம் காணவும் மரபணு பார்க்கவும் உதவும், ஒளிப்படம் மரத்தோடு சேர்த்து எடுக்கப்படலாம். 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பாக்கம் மலையடிவார ஊராட்சிகளின் பதிவேட்டில் இந்தச் சிலந்தியும் அது குடியிருக்கும் மரங்களும் ஏற வேண்டும். மரத்தின் துல்லியமான இருப்பிடம் மட்டும் பொதுப் பிரதியில் வராமல் வனத்துறை வசம் மூடிய பக்கமாக இருக்கட்டும்; நந்தியாலில் நடந்தது அதற்குப் போதிய காரணம். டரான்டுலா சேகரிக்க ஆசைப்படும் விழுப்புரத்து இளைஞர் அந்தப் பதிவேட்டில் ஒரு மரத்தைப் பத்தாண்டு பின்தொடரலாம். ஒரு பெண் சிலந்தியின் ஆயுளில் பெரும்பகுதி அதில் அடங்கும், அப்படி ஒரு தொடர் குறிப்பு உலகில் எந்த அலமாரியிலும் இல்லை.