வடக்கு வீதியில் ஓர் இரவு: வன்னியின் மடங்களும் வாடிவீடுகளும்

இலங்கையின் வட பெருநிலமான வன்னியூடாகப் போன பயணி இரவில் எங்கே படுத்தான் என்பது அவன் யார் என்பதைப் பொறுத்தே இருந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கு வாடிவீடு எனும் அரசின் பயணியர் விடுதி, யாத்திரிகனுக்குக் கோயில் மடம், தேயிலை, கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த கூலியாட்களுக்குத் தெருவோரக் கொட்டில். வண்டிக்காரன் தன் வண்டிக்குக் கீழேயே சாக்கை விரித்துக்கொண்டான். காலிக் கோட்டையில் 1684இல் ஒல்லாந்தர் கட்டிய கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் நியூ ஒரியன்டல் ஹோட்டலாகி, இன்று அமன்கல்ல என்ற பெயரில் செல்வந்தப் பயணிகளை வரவேற்கிறது. கப்பல் வந்து நின்ற துறைமுகம் அப்படியொரு ஹோட்டலைப் பெற்றது. வன்னியில் அதற்கு ஈடான பழைய நகரம் இல்லை. அங்கே தங்குமிடங்களைத் தோற்றுவித்தது தெருதான்.

வாடிவீடு வருவதற்கு முன்பே வழிப்போக்கருக்கான ஏற்பாடு ஒன்று தமிழர் வாழ்ந்த வடபகுதியில் இருந்தது. மடம், கேணி, சுமைதாங்கி, மாடுகள் உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்த இடங்களை யாழ்ப்பாணத் தெருக்களில் இன்றும் காணலாம். பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடம் இவற்றுள் பெயர் பெற்றது. அதன் ஊடாகவே தெரு போகிறது. இரு பக்கத்துத் திண்ணைகளிலும் ஆள் படுக்கலாம். இத்தகைய மடங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் புண்ணியம் கருதிய செல்வர்கள். எல்லாச் சாதியினரும் எல்லா மடத்திலும் ஏறிவிட முடிந்ததில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

வன்னியில் ஊர்கள் குளங்களை ஒட்டிச் சிதறியிருந்தன. ஊருக்கும் ஊருக்கும் இடையில் காடு. எனவே மடங்கள் கோயில்களோடு நின்றன. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கூடுபவர்களும், ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதா கோயிலடியில் கொட்டில் போட்டுக் குடும்பத்தோடு கிடப்பவர்களும், செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவுக் கரையோரமாகக் கதிர்காமம் வரை நடப்பவர்களும் இந்த மரபின் தொடர்ச்சியே. வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தங்குமிடம் தேடி எவரும் நிற்பதில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தாமல் எந்தச் சாரதியும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு பைக் கச்சானும் வாங்கிக்கொண்டுதான் பயணம் தொடரும்.

வாடிவீட்டின் கதை அந்நிய ஆட்சியோடு வந்தது. ஒல்லாந்தர் தம் கரையோர ஆட்சிப் பகுதிகளில் உத்தியோகத்தர் தங்க இடங்கள் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் அந்த முறையை நாடு முழுவதும் தெருக்களோடு சேர்த்துப் பரப்பினர். கொழும்பு-கண்டி வீதியில் 1828இல் கட்டப்பட்ட அம்பேபுஸ்ஸ வாடிவீடு இலங்கையில் எஞ்சியுள்ள மிகப் பழைய வாடிவீடாகக் கருதப்படுகிறது. ஒரு நாள் குதிரையிலோ மாட்டு வண்டியிலோ கடக்கக்கூடிய தூரம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வாடிவீடு. அதற்கு மேல் கணக்கு ஒன்றும் இல்லை. இத்தகைய இடங்களில் சந்தை, தபாற்கந்தோர், பொலிஸ் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது வழக்கம்.

பெரும்பாலான வாடிவீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் அகன்ற விறாந்தை, அதில் நீண்ட கைகளுள்ள சாய்மனைக் கதிரைகள். நடுவே சாப்பாட்டு மண்டபம். இரு பக்கமும் அறைகள், ஒவ்வொன்றிலும் கட்டிலும் நுளம்பு வலையும். சமையலறை நெருப்புக்கும் புகைக்கும் பயந்து பின்னால் தனியே நின்றது. அதற்கு அப்பால் குதிரைக்கும் வண்டிக்கும் கொட்டகை. காப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு வளவிலேயே இருப்பார். விருந்தாளி வந்து இறங்கிய பிறகுதான் அடுப்பு மூளும். இந்தியாவில் இதே வகையான டாக் பங்களாக்களில், ஆள் வந்ததும் முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பிடித்துப் பொரித்து வைப்பதற்கு ஆங்கிலேயர் 'திடீர்ச் சாவு' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். காட்டுவழியில் சந்தை இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வது?

முதலிடம் என்றும் உத்தியோகத்தருக்கே. காசு கொடுத்துத் தங்கும் தனியார் பயணிக்கு அறை கிடைப்பது, சுற்றுக்கு வரும் துரை இல்லாத நாளில்தான். 1829 முதல் 1867 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, வடபகுதியை யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்ட அரசாங்க அதிபர் டைக்கின் காலத்தில் சுற்றுப்பயணம் என்பதே ஆட்சியின் பெரும்பகுதி. குளக்கட்டு உடைப்பு, வயல் வழக்கு, வரி எல்லாம் வழிநெடுக விசாரிக்கப்பட்டன. ஆகவே துரை இரவு தங்கும் விறாந்தை காலையில் கச்சேரியாகும், அதாவது அரசு அலுவலகமாகும். வாடிவீடு இல்லாத ஊரில் கூடாரம் அடிப்பார்கள். முட்டை, பால், விறகு தேடிக் கொடுப்பது ஊர்த் தலைவரான விதானையார் தலையில் விழும்.

வன்னியின் வாடிவீடுகளில் வரலாறு கனத்தது ஆனையிறவு. பெருநிலத்தில் பிடித்த யானைகளை ஒல்லாந்தர் ஆழமற்ற கடல்நீரேரி வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்று, இந்தியாவிலிருந்து வந்த வணிகருக்கு விற்றனர். அந்தக் கடவையைக் காக்க அவர்கள் வைத்திருந்த சிறு கோட்டையையே ஆங்கிலேயர் பிறகு வாடிவீடாக்கினார்கள். பீரங்கிக்காகக் கட்டிய சுவருக்குள் படுத்து, உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு காலையில் குடாநாட்டுக்குள் இறங்கலாம். காலியின் பெரிய ஹோட்டலுக்கும் இதற்கும் வயதிலும் பிறப்பிலும் உறவு உண்டு, வசதியில் இல்லை.

அதே ஆங்கிலேயர் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சென்ற மற்றொரு வடக்குப் பாதையில் பல்லாயிரம் பேர் வாடிவீட்டின் படியைக்கூட மிதிக்காமல் நடந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் அவர்கள். கொலராவும் மலேரியாவும் தண்ணீர்த் தட்டும் அந்த வழியில் எத்தனையோ பேரைத் தின்றன. அரசு காலங்கடந்து கிணறுகளும் கொட்டில்களும் வைத்தியசாலைகளும் அமைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாதை மூடப்பட்டு, குடிவரவு கடல்வழியே கொழும்புக்குத் திருப்பப்பட்டது. வன்னிக் காட்டில் தங்குமிடங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் சாய்மனைக் கதிரைகளைப் பற்றியே எழுதுவது வழக்கம். அந்தக் கொட்டில்களில் படுத்தவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு.

காட்டுவழிப் பயணத்தின் கடைசி நாட்களை ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் பதிவு செய்திருக்கிறார். 1905 ஜனவரியில், இருபத்துநான்கு வயதில், யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை ஏற்க அவர் கொழும்பிலிருந்து புறப்பட்டார். அநுராதபுரம் வரை புகையிரதம். அதற்கு வடக்கே பாதை இன்னும் முடியாததால் ஆனையிறவு வரை தபால் வண்டி. பெயர்தான் பெரிது, தபால் மூட்டைகள் கிடந்த மாட்டு வண்டியில், அந்த மூட்டைகளின் மேலே பயணிகளும் கிடந்தார்கள். வோல்தேயரின் தொண்ணூறு தொகுதிகளும் ஒரு நாயும் அவரோடு வந்தன. ஏழு மாதம் கழித்து வந்திருந்தால் இந்த அனுபவம் அவருக்குக் கிட்டியிராது. 1905 ஆகஸ்டில் காங்கேசன்துறை வரையான பாதை முழுவதும் திறக்கப்பட்டு, வவுனியா, மாங்குளம், பரந்தன் எல்லாம் புகையிரத நிலையங்களாயின.

அன்றிலிருந்து வாடிவீட்டின் வேலை மாறத் தொடங்கியது. 1908இல் வெளிவந்த ஹென்றி கேவின் இலங்கைக் கையேடு ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாக எடுத்துக்கொண்டு அங்கே என்ன பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லிச் செல்கிறது. உத்தியோகத்தரோடு வேட்டைக்காரர்களும் இடிபாடு பார்க்க வந்தவர்களும் வாடிவீட்டு விருந்தாளிகளானார்கள். மோட்டார் வாகனம் பெருகியபின் மாங்குளம் போன்ற இடங்கள் யாழ்ப்பாணம்-கொழும்புப் பயணத்தில் சோறு தின்னவும் எஞ்சினை ஆறவிடவும் நிற்கும் இடங்களாயின. இரவுத் தங்கல் மெல்லக் குறைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கியபின் கொழும்புப் பயணம் ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கியது. வன்னியில் ஓர் இரவு தங்கவேண்டிய அவசியம், அங்கேயே வேலை உள்ளவருக்கு மட்டுமே மிஞ்சியது.

வேலை உள்ளவர்கள் கூடிக்கொண்டும் வந்தார்கள். 1920 அளவில் இரணைமடுக் குளம் முடிந்தது. முப்பதுகளில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. பிறகு அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமும் காடு வெட்டிக் காணிகள் திறந்தன. நீர்ப்பாசனம், விவசாயம் என்று ஒவ்வொரு திணைக்களமும் சுற்றுக்கு வரும் தன் உத்தியோகத்தர் தங்கவென்று சேர்க்கிட் பங்களா கட்டிக்கொண்டது. அமைப்பில் அவை வாடிவீட்டின் பிள்ளைகள், கதவில் மட்டும் பூட்டுக் கூடுதல்: திணைக்களத்தின் கடிதம் இல்லாமல் திறக்காது.

உள்நாட்டுப் போர் இந்த வரிசையைக் குலைத்தது. ஆனையிறவு படைத்தளமாகி, 1991இலும் 2000இலும் 2009இலும் பெரும் சமர்களைக் கண்டது. பழைய வாடிவீடு அவற்றில் அழிந்துபோயிற்று. 1996இல் கிளிநொச்சிப் பட்டணம் காலியானபோது சனமும் சந்தையும் அலுவலகங்களும் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் வந்தன. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மரநிழல், உறவினர் வளவு என எதுவும் தங்குமிடமாயிற்று. வாடகை வாங்கும் விடுதி என்ற பேச்சே அப்போது எழவில்லை. 2002 போர்நிறுத்தத்தின்போது கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதி திறந்ததும் வெளிநாட்டுத் தமிழரும் தொண்டு நிறுவனத்தாரும் வந்து, கிளிநொச்சியில் தனியார் விடுதிகள் முளைத்தன. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடியது.

போரால் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. இன்று கண்டியிலிருந்து எண்ணிய மைல் கட்டைகளின் பெயரால், 155ஆம் கட்டை என்பதுபோல, இடங்களைச் சொல்லும் வழக்கம் கிளிநொச்சியில் தொடர, அந்தக் கட்டைகளின் ஓரத்தில் குளிரூட்டிய அறையுள்ள விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. எஞ்சிய பழைய வாடிவீடுகளில் பலவற்றை உள்ளூராட்சி மன்றங்கள் குத்தகைக்கு விடுகின்றன. சேர்க்கிட் பங்களாக்களில் முதலிடம் இன்னும் உத்தியோகத்தருக்கே.